வரிசையில் நிற்காத பல்

அந்த ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்குத் தெரியும். முகம்தான் தெரியாது. தொழில் அப்படி. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அந்த அளவில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, கிடைத்த தாடையின் மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல் அடுக்கி, கடைசியில் ஒரு பல் செட்டாக்கி டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவார். தாடைக்கு ஓர் எண் உண்டு, பெயர் கிடையாது. கடைத்தெருவில் யாராவது பல் தெரியச் சிரித்தால் இவர் நின்றுவிடுவார். ஆள் யாரென்று தெரியாது; பல் தன்னுடையது என்று தெரியும். முன்பின் அறியாதவருக்கு வணக்கம் வைத்து, "ரெண்டாவது பல்லு கொஞ்சம் தேயுது போல இருக்கே" என்று விசாரித்து, வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த நாட்களும் உண்டு.

டாக்டர்கள் அவரை மாஸ்டர் என்றார்கள். அதைக் கேட்டு டீக்கடைக்காரரும் மாஸ்டர் என்றார், தபால்காரரும் மாஸ்டர் என்றார். மாப்பிள்ளையாக வரப்போகிற பையன்கூடப் பெண் பார்க்க வந்த அன்று "வணக்கம் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நல்ல மனுஷன். கை சுத்தம், வேலை சுத்தம். ஆனால் ஒருவரைப் பாராட்டிப் பேச வேண்டுமென்றால் மட்டும் அவர் வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும். செட்டோடு போகும் சீட்டில் ஐந்து கட்டங்கள் உண்டு: எண், நிறம், அளவு, எந்தப் பல், குறிப்பு. வேலை ஒழுங்காக வந்திருந்தால் குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் "குறை இல்லை" என்று எழுதுவார். எழுதி எழுதி அதுவே வாய்ப்பழக்கமாகிவிட்டது. சாப்பாடு எப்படி என்று கேட்டால், குறை இல்லை. மனைவி புதுத் துணி உடுத்திக்கொண்டு எதிரே வந்து நின்றால், குறை இல்லை. மகள் பள்ளியிலேயே முதலாவதாகத் தேறி ஓடி வந்தபோதும் அதே குறை இல்லைதான். அன்று பிள்ளை அழுதுவிட்டாள். அம்மாதான் தேற்றினாள். "உங்கப்பா வாயிலேருந்து அது பெரிய வார்த்தைடி. கெட்டியாப் பிடிச்சுக்கோ."

அந்த அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது, எது எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்வது அவள் வேலை. கணீரென்ற குரல். அந்தக் குரலைக் கேட்டு மூட்டை முடிச்சோடு ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர். குரலுக்கு உரியவளைத் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதும் இருபது வருடமாக அவள்தான். கூட்டத்துக்கு முன்னால் நிற்க அவளுக்குப் பயமே கிடையாது. சிரிப்பு வந்தால் மட்டும் வலது கை தானாக எழும்பி வாயை மூடிக்கொள்ளும். வீட்டில், நாலு சுவருக்குள், கட்டின புருஷன் முன்னாலும் அப்படித்தான்.

அந்தக் கை ஏன் எழும்புகிறது என்பது தனக்குத் தெரியும் என்று மாஸ்டர் நினைத்திருந்தார். மேல்வரிசையில் இடப்பக்கம் கோரைப்பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறி, வரிசையை விட்டு வெளியே வந்து நிற்கும். தெத்துப்பல். பாவம், கூச்சப்படுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். நொந்த இடத்தில் கை வைக்காதே என்பது அவர் தொழிலில் முதல் பாடம். செட் எங்கே அழுத்துகிறதோ அங்கே தேய்த்து விலக்கிவிட வேண்டும். வீட்டிலும் அதே பாடத்தைத்தான் கடைப்பிடித்தார். முப்பத்திரண்டு வருடத்தில் அந்தப் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இதைத் தன்னுடைய பெரிய நாகரிகம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் அவளுக்கு ஈறு நோய் வந்தது. மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. மாஸ்டருக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் டாக்டரம்மா எவ்வளவோ பார்த்துவிட்டு, இனி வைத்திருந்தால் எலும்பும் போய்விடும் என்று மேல்வரிசை முழுவதையும் எடுத்துவிட்டார். ஈறு ஆறி அளவெடுக்கிற நிலைக்கு வர மூன்று மாதம் ஆனது. அதுவரை அவள் வேலைக்கு விடுப்பு போட்டிருந்தாள். வீட்டில் வாயைத் திறந்து பேசுவதே குறைந்துபோயிற்று.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாண ஆராதனையில் எந்தப் பகுதியை வாசிப்பது என்று பாதிரியார் கேட்டதற்கு மகள் யோசிக்காமல் பதில் சொன்னாள். வேதப் புத்தகத்தின் நடுவே ஒரு காதல் கவிதை உண்டு. காதலன் காதலியைக் கண், முடி, பல், உதடு, கழுத்து என்று ஒன்றுவிடாமல் புகழ்ந்துகொண்டே போவான். ஆலயத்தில் அதை எப்போதாவதுதான் வாசிப்பார்கள். வாசித்தாலும் அதற்கு வேறொரு ஆழமான பொருள் சொல்லிவிட்டுப் பாதிரியார் அவசரமாக அடுத்ததற்குப் போய்விடுவார். மகளுக்கு அதேதான் வேண்டும். அதையும் அம்மாதான் வாசிக்க வேண்டும்.

"அதுக்குள்ள அம்மாவுக்குப் பல்லு வந்துடும்ல அப்பா?" என்று கேட்டாள்.

"வரும்," என்றார் மாஸ்டர். அவர் மனதில் ஏற்கெனவே ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

திட்டம் இதுதான். இத்தனை வருடம் கையால் மூடி மூடிச் சிரித்தவள், இனி மூட வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட வேண்டும். இருப்பதிலேயே நல்ல பற்களை வரவழைத்தார். ஒன்றோடொன்று இழைந்து, ஒரு நூல் பிசகாமல், வலப்பக்கமும் இடப்பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இணை இணையாக அடுக்கினார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு வரிசை அவர் கையில் அமைந்ததில்லை. பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார்.

பூரிப்பில் ஒரு காரியம் செய்தார். வேறு யாராவது அதைச் செய்திருந்தால் மனிதர் எள்ளும் கொள்ளுமாக வெடித்திருப்பார். பல்லை மெழுகில் அடுக்கியதும், அதைக் கெட்டியான செட்டாக்குவதற்கு முன்னால், நோயாளிக்கு ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். அவர் கண்ணாடியில் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். மெழுகு இருக்கும்வரை பல்லை நகர்த்தலாம். செட் ஆன பிறகு நகர்த்த முடியாது. இந்தப் படியைத் தாண்டச் சொன்ன டாக்டர்களோடு அவர் சண்டை போட்டிருக்கிறார். சொந்த மனைவிக்கு மட்டும் தாண்டினார்.

"மாஸ்டர், மெழுகு செட் எங்க? போட்டுப் பாக்க வேணாமா?" என்று டாக்டரம்மா போனில் கேட்டார்.

"வீட்டு வாய்தானே டாக்டர். எனக்குத் தெரியாததா?"

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவள் முகம் கழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் நின்று செட்டை மாட்டினாள். உதட்டை விரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் பின்னால் நின்று பரிசுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு," என்றாள். இன்ன வண்டி இன்றைக்கு ரத்து என்று மைக்கில் சொல்கிற குரலில் சொன்னாள். செட்டைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதோடு சரி. பிறகு மாட்டவே இல்லை. மாஸ்டர், அழுத்துகிறது போல என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தார். கிண்ணத்துக்குப் போனது. பின்பக்கத்தைத் தேய்த்தார். கிண்ணத்துக்குப் போனது. உதட்டு நரம்புக்கு இடம் விட்டுத் தேய்த்தார். அப்படியே தேய்த்துக்கொண்டிருந்தால் செட்டே மிச்சமிருக்காது என்ற நிலை வந்தபோது மகள் அவர் வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிட்டாள்.

"அப்பா, அம்மா வாசிக்க மாட்டாங்களாம். சித்தியைக் கேட்டுக்கோன்னு சொல்றாங்க."

"சித்தி வாசிக்கட்டுமே."

"சித்தி வாசிச்சா மாப்பிள்ளைக்கு நரை வந்துடும். அது இல்லப்பா விஷயம். அம்மா கல்யாணத்துக்கு வந்து பின்னால ஒரு ஓரமா உக்காந்துக்கறேங்கறாங்க. போட்டோவுக்குக்கூட நிக்க மாட்டாங்களாம். பேசினா கண்ணு கலங்குது. நீங்க அவங்களை என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலையே," என்றார் மாஸ்டர். அது உண்மைதான். அந்த உண்மையில்தான் கோளாறு இருந்தது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் டப்பாவைத் திறந்தார்.

"இங்க பாரு. எங்க அழுத்துதுன்னு மட்டும் சொல்லு. இன்னைக்கே சரி பண்ணிடறேன்."

"எங்கயும் அழுத்தலை."

"அப்புறம் ஏன் போட மாட்டேங்கறே?"

"அது என் பல்லு இல்லைங்க."

"உன் பல்லு எப்படி இருக்கும்? அதைத்தான் எடுத்தாச்சே."

அவள் கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டு எழுந்தாள். அலமாரியின் அடித்தட்டில் விரித்திருந்த தாளைத் தூக்கி, அதற்கடியிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்துவந்து அவர் மடியில் போட்டாள். "இது யார் எழுதினது?" என்று கேட்டாள்.

அவர் எழுதியதுதான். முத்து முத்தான அவர் கையெழுத்து. நிச்சயமாகிக் கல்யாணத்துக்கு முந்தைய மாதம் எழுதியது. "கட்டிக்கப்போறவளுக்கு ரெண்டு வரி எழுதக்கூட உனக்கு வணங்காதா?" என்று அவர் அக்கா நச்சரித்தாள். எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு வார்த்தை ஓடவில்லை. காதலென்றால் அந்தக் கவிதையைவிட யார் எழுதிவிட முடியும் என்று தோன்ற, வேதப் புத்தகத்தை விரித்து நாலு பக்கத்துக்கு அப்படியே பார்த்து எழுதி அனுப்பிவிட்டார். அதிலிருந்த மலைகளின் பெயரைக்கூட மாற்றவில்லை. "கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் சுகம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடக்கமான பெண் என்று மகிழ்ந்துபோனார்.

"ரெண்டாம் பக்கம். பல்லைப் பத்தி என்ன எழுதியிருக்கு, படிங்க."

படித்தார். காதலியின் பற்களுக்கு அங்கே ஒரு மந்தையைச் சொல்லியிருந்தது. இணை இணையாக, ஒழுங்காக, ஒன்றுகூடப் பிசகாமல் வருகிற மந்தை. படித்துக்கொண்டு வந்தவருக்குப் பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

"இதைப் படிச்சுட்டு நான் கண்ணாடி முன்னால போய் நின்னேன்," என்றாள் அவள். "ஒண்ணு, இந்த ஆள் என்னைக் கிண்டல் பண்றாரு. இல்லைன்னா என்னைப் பாக்கவே இல்லை. ரெண்டுல எதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்ததும் என்னைக்காவது ஒருநாள் பேச்சுவாக்குல சொல்வீங்கன்னு இருந்தேன். நல்லா இருக்குன்னுகூட வேணாம். நல்லா இல்லைன்னாவது சொல்லலாமில்ல. முப்பத்திரண்டு வருஷம் ஒரு பேச்சு இல்லை. இப்பதான் சொல்லியிருக்கீங்க. பல்லையே இல்லாம பண்ணிட்டு சொல்லியிருக்கீங்க."

"ஐயோ, அப்படி இல்ல. நீதான் எப்பவும் கையால மூடிக்குவே. உனக்குப் பிடிக்கலை போலன்னு நான்…"

"எப்பலேருந்து மூடறேன்னு யோசிச்சுப் பாருங்க."

யோசித்தார். பெண் பார்க்கப் போன அன்று அவர்கள் வீட்டில் இவர் உட்கார்ந்த நாற்காலிக்குக் கால் சரியில்லை. டீயை வாயில் வைத்த நேரம் பார்த்து அது மடங்கி, இவர் டீயோடு தரையில் உட்கார்ந்தார். பெரியவர்கள் எல்லோரும் பதறியபோது அவள் ஒருத்திதான் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது அந்தக் கை எங்கே இருந்தது? பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடவில்லை. கடிதம் போன பிறகுதான், கல்யாணத்தன்று, முதல்முதலாக அந்தக் கை மேலே வந்தது. அவள் கூச்சத்தை மறைக்க முப்பத்திரண்டு வருடம் துணை நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தாரே, அந்தக் கூச்சத்தையே நாலு பக்கத்தில் எழுதித் தபாலில் அனுப்பியவர் இவர்தான்.

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். அவள் மிச்சத் துணியை மடித்து அடுக்கிவிட்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை காலை வேலை செய்யும் அறைக்குப் போனதும் மாஸ்டர் பிளாஸ்டர் மூட்டையைத் தொடவில்லை. வேதப் புத்தகத்தை விரித்து அந்தக் கவிதையை முதலிலிருந்து படித்தார். அன்றைக்குப் பார்த்து எழுதினாரே தவிர, படித்தாரா என்றால் இல்லை. இப்போதுதான் படித்தார். முதலில் கோபம்தான் வந்தது. முடியை ஆட்டு மந்தை என்கிறான், கழுத்தைக் கோபுரம் என்கிறான். இந்த ஆளை நம்பியா ஒரு பெண்ணுக்குக் கடிதம் எழுதினோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாம் தடவை படித்தபோது கோபம் அடங்கியது. அந்த மனிதன் பொய் சொல்லவில்லை. சாயங்காலம் மலைச்சரிவில் ஆடுகள் இறங்கி வருவதை அவன் தினமும் பார்த்திருக்கிறான். அவன் கண்ணுக்கு அதைவிட அழகு கிடையாது. தான் பார்த்ததில் எது எது அழகோ அதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் கொட்டியிருக்கிறான். மாஸ்டர் வாழ்நாளில் ஆடு மேய்த்ததில்லை. அவன் கண்ணைக் கடன் வாங்கித் தன் பெண்ணைப் பார்த்தால் அவள் எப்படித் தெரிவாள்? இன்னொன்றும் கவனித்தார். அந்தக் கவிதையில் அவனைவிட அவள்தான் அதிகம் பேசுகிறாள். வெயிலில் கறுத்துப்போனவள் என்று தன்னைத் தானே சொல்கிறாள். சொன்ன அதே மூச்சில் அழகி என்றும் சொல்லிக்கொள்கிறாள். அதற்காக அவள் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தன் வீட்டில் ஒருத்தியை இத்தனை வருடம் கேட்க வைத்துவிட்டோமே என்று புத்தகத்தை மூடிவைத்தார்.

எழுந்து போய் மூலையிலிருந்த அலமாரியைத் திறந்தார். வேலை முடிந்த தாடைகளை ஆறு மாதத்தில் உடைத்துப் போட்டுவிடுவது அவர் வழக்கம். ஒன்றை மட்டும் உடைத்ததில்லை. கல்யாணமான வருடம், கை பழகுவதற்கென்று வீட்டில் ஒவ்வொருவர் வாயிலும் அளவெடுத்தபோது எடுத்தது. மஞ்சள் பாரித்துப்போயிருந்தது. இடப்பக்கத்துக் கோரைப்பல் அன்று போலவே வெளியே வந்து நின்றது.

அன்று முழுவதும் அதே வேலை. கடையில் வருகிற பற்கள் வரிசையில் நிற்பதற்கென்றே செய்தவை. ஒன்றை வெளியே நிறுத்தப் பார்த்தால் மற்றவை முரண்டு பிடிக்கும். பக்கத்துப் பல்லின் முதுகை இழைத்தார். கோரைப்பல்லைச் சற்றே சாய்த்து, அதன் மேல் ஏற்றினார். பழைய அச்சில் அளந்து பார்த்தார். சரியாக ஒன்றரை மில்லிமீட்டர். இந்தத் தடவை முறைப்படி, மெழுகு நிலையிலேயே டப்பாவில் வைத்து, சீட்டை எழுதினார்.

எண் என்ற கட்டத்தில் அவர் கை நின்றது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அங்கே ஒரு பெயரை எழுதினார். நிறம், அளவு, எந்தப் பல் எல்லாம் எழுதி, குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்தார். பழக்கத்தில் "குறை" என்று எழுதிவிட்டார். அதை அடித்தார். எழுத ஆரம்பித்தது கட்டத்துக்குள் அடங்காமல் சீட்டின் பின்பக்கம் முழுவதும் போயிற்று.

"இடப்பக்கம் மூன்றாவது பல் வெளியே நிற்கிறது. தெரிந்தே வைத்தது. யாரும் தேய்க்க வேண்டாம். நாற்காலியிலிருந்து நான் விழுந்த அன்று நீ சிரித்தபோது முதலில் தெரிந்தது இந்தப் பல்தான். மற்றவை அதற்குப் பின்னால்தான் வந்தன. அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ வாய்க்கு வரிசையாகப் பல் அடுக்கிவிட்டேன். அடுக்கி முடித்ததும் அலமாரியில் இருக்கும் உன் அச்சை ஒரு தடவை பார்ப்பேன். பார்த்தால், நான் செய்த வரிசையில் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். உன் ஈறின் நிறத்துக்கு என்னிடம் இருக்கும் மூன்று சிவப்பும் சரிவரவில்லை, கலந்துதான் எடுத்தேன். உன் மேலண்ணத்தில் இருக்கிற வரிகள், தண்ணீர் வடிந்துபோன மணல் மாதிரி இருக்கும். உனக்கே தெரியாது, நீ பார்த்திருக்க முடியாது. அந்த வரிகள் ஆளுக்கு ஆள் வேறு. உன்னுடையது மாதிரி இன்னொன்று என் கைக்கு வந்ததில்லை. உன் கழுத்து எதைப் போல என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். அளவு தெரிகிறது, உவமை தெரியவில்லை. முன்னால் எழுதிய கடிதம் வேறொருவன் பார்த்தது. இது நான் பார்த்தது."

டப்பா டாக்டரம்மாவிடம் போனது. மறுநாள் காலை பதினோரு மணிக்கு மனைவியை வரச் சொல்லியிருந்தார்கள். பதினொன்றரைக்கு மாஸ்டரின் போன் அடித்தது.

"மாஸ்டர், சீட்டைப் படிச்சேன்," என்றார் டாக்டரம்மா. "முதல் மூணு வரிதான் எனக்குன்னு நினைக்கறேன். மிச்சத்தை உரியவங்ககிட்ட குடுத்துட்டேன். நீங்க கொஞ்சம் கிளம்பி வாங்க. அவங்களுக்குப் பல்லு சரியில்லையாம்."

மாஸ்டர் போட்டது போட்டபடி எழுந்தார். மெழுகுக் கத்தியையும் சின்ன விளக்கையும் பையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார். அவள் சிகிச்சை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டு அவள் மடியில் மடித்துக் கிடந்தது. கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் மைக் குரல்.

"இது இன்னும் வெளிய நிக்கும்," என்றாள்.

"அளந்து வெச்சது. ஒன்றரை."

"எதை வெச்சு அளந்தீங்க?"

"உன் அச்சுதான். கல்யாணமான வருஷம் எடுத்தேனே."

அவள் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "அதை இன்னுமா வெச்சிருக்கீங்க?"

"ஆமா."

மடியில் கிடந்த சீட்டை நீவிவிட்டாள். பிறகு, "அதுக்கப்புறம் முப்பத்திரண்டு வருஷம் ஓடியிருக்கு. பல்லு மட்டும் அங்கயே நிக்குமா? நகர்ந்திருக்கும்," என்றாள்.

தொழில் தெரிந்தவர்தானே, அது சரி என்று அவருக்குப் பட்டது. செட்டை வாங்கி, கத்தியைச் சூடாக்கி, மெழுகை இளக்கிப் பல்லை ஒரு நூல் வெளியே தள்ளினார். அவள் மாட்டிப் பார்த்தாள்.

"இன்னும்."

"இன்னும்னா உதட்டுல இடிக்கும்."

"என் பல்லு எனக்குத் தெரியும். இன்னும்."

தள்ளினார். இரண்டு மில்லிமீட்டர் ஆயிற்று. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வேலை. அவள் மாட்டிக்கொண்டு உதட்டைக் குவித்தாள், விரித்தாள், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். உதட்டை மூடும்போது அந்த இடத்தில் மட்டும் அது சற்றே தூக்கிக்கொண்டு நின்றது. மாஸ்டருக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்தது. அச்சில் இல்லாத முகம் அது, வீட்டில் தினமும் பார்த்துப் பழகிய முகம்.

"ம். இப்ப நான் அழகா இருக்கேன்," என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்து. டாக்டரம்மாவுக்கு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதோ வேலை வந்துவிட்டது.

"இருக்கே," என்றார் மாஸ்டர். ஒற்றை வார்த்தைதான். அதற்கே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அவள் சீட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் அது பழைய உறைக்குள், அந்த நாலு பக்கத்துக்கு மேலே போய்ச் சேர்ந்தது.

கல்யாணத்தன்று ஆலயத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. மாஸ்டர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே வந்தவர்களில் இரண்டு பேர் தான் செய்த பல்லோடு சிரித்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. வேதபாடம் என்று பாதிரியார் அறிவித்ததும் அவள் எழுந்து போய் நின்றாள். பெரிய புத்தகம் விரித்து வைத்திருந்தது. இடது கை ஓரத்தைப் பிடித்திருக்க, வலது கையை வரியின் மேல் வைத்து வாசிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு வார்த்தையும் கடைசி இருக்கைவரை போனது. கண் ஆயிற்று. முடி ஆயிற்று. அடுத்தது பல் என்று மாஸ்டருக்குத் தெரியும். கைக்குட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவள் அந்த வரியின் தொடக்கத்துக்கு வந்தாள். மந்தை என்ற சொல்வரை ஒழுங்காகப் போனது. அங்கே நின்றாள். தலையைத் தூக்கி முதல் வரிசையைப் பார்த்தாள். ஆடு திருடியவன் மாதிரி முழித்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இத்தனை பேருக்கு முன்னால், மைக்கில், வாய்விட்டுச் சிரித்தாள். இடப்பக்கம் மூன்றாவது பல் முதலில் வந்தது. மற்றவை அதன் பின்னால் வந்தன. மாஸ்டர் அவளுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது புத்தகத்தின் மேலேயே இருந்தது.